எமது ஈது

முதல்முதலில் அம்மம்மாவோடு நயினாதீவுக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். எதிர்ப்பலகையில் ஏழெட்டுச் சிங்களப் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் வெள்ளை உடுப்பு, மடியில் தாமரை மொட்டுகள். அம்மம்மாவும் வெள்ளைச் சேலைதான், அப்பு செத்த நாள் தொடக்கம். "இவை எல்லாரும் புருஷன் செத்தவையோ?" என்று நான் கேட்க, அம்மம்மா என் வாயைப் பொத்தினா. அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு கிழவி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து நீட்டினா. அம்மம்மா தலையாட்டிய பிறகுதான் வாங்கினேன்.

தீவில் இரண்டு இறங்குதுறை. ஒன்று நாகபூசணி அம்மன் வாசலுக்கு நேரே. மற்றது நாக விகாரைக்குக் கிட்ட. அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே. ஆனால் மத்தியானம் அம்மன் கோவில் வீதியில் அதே பெண்கள் கற்பூரம் வாங்கிக்கொண்டு நின்றதைக் கண்டேன். அம்மம்மா அதை ஒரு அதிசயமாக எடுக்கவில்லை. எனக்கும் அப்போது அது அதிசயமாகத் தெரியவில்லை.

அந்தத் தீவைப் பற்றி ஒரு கதை உண்டு. பாளியில் எழுதிய மகாவம்சத்திலும் இருக்கிறது, தமிழில் எழுதிய மணிமேகலையிலும் இருக்கிறது. மகாவம்சத்தில் அது நாகதீபம், மணிமேகலையில் மணிபல்லவம். இரண்டும் நயினாதீவுதான் என்று எங்கள் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. அது கிடக்கட்டும், கதைதான் எனக்கு முக்கியம். இரண்டு நாக அரசர்கள் ஒரு மணிப்பீடத்துக்காகப் படை திரட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மகாவம்சத்தின்படி அவர்கள் மாமனும் மருமகனும். தாய்வழிப் பாட்டன் தன் மகளுக்குக் கொடுத்த பீடம் அது. பாட்டன் செத்த பிறகு அது யாருக்கு என்பதுதான் சண்டை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் உடனே விளங்கும், இது ஒரு சீதன வழக்கு. புத்தர் வந்து நடுவில் நின்று சமாதானம் செய்கிறார். அவர்கள் பீடத்தை அவருக்கே கொடுக்கிறார்கள். அவரோ அதை நாகர்கள் வழிபடுவதற்காக அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

மணிமேகலையில் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு அரசர்களும் "எமது ஈது" என்கிறார்கள். பீடத்தைத் தூக்கவும் முடியவில்லை, ஆசையை விடவும் முடியவில்லை. கண் சிவந்து போர் செய்கிறார்கள். அப்போது முனிவர் வந்து, போரை ஒழியுங்கள், எமது ஈது என்று சொல்லி, அதில் அமர்ந்து அறம் உரைக்கிறார். அரசர்கள் சொன்ன அதே இரண்டு சொல். சொந்தமாக ஒரு திருவோட்டைத் தவிர ஒன்றுமில்லாத ஒருவரின் வாயிலிருந்து வருகிறது. அவருக்குப் பீடம் தேவையில்லை என்பது கேட்கிற இருவருக்கும் தெரியும். அதனால்தான் சண்டை ஓய்ந்தது.

என் அப்பா சர்வேயர். அதனால் பீடம், இடம், எல்லை என்ற பேச்சு எங்கள் வீட்டில் சோறு கறி மாதிரி. பள்ளிக்கூட விடுமுறையில் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பதை வாய்ப்பாட்டுக்கு முன்பே நான் பாடமாக்கியிருந்தேன். அப்பாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. இரண்டு பக்கத்துக் காணிக்காரரும் வந்து நிற்காமல் எல்லைக்கல் போடமாட்டார். ஒருவர் வரவில்லை என்றால் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அன்றைய கூலியும் போய்விடும். அம்மா புறுபுறுப்பா.

இந்த நாட்டின் கதையை நான் அந்தச் சங்கிலி முனையிலிருந்துதான் பார்க்கப் பழகினேன். மற்றப் பக்கத்துக்காரரைக் கூப்பிடாமல் போட்ட கற்கள்.

முதல் கல் மொழி. 1956, புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டு என்று நாடெங்கும் புத்த ஜயந்தி கொண்டாடிய ஆண்டு. அதே ஆண்டில்தான் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. மதமும் மொழியும் அரசும் ஒரே மேடையில் ஏறிய ஆண்டு அது. அப்பா அதற்குப் பிறகு அரச வேலையில் சேர்ந்தவர். சம்பள உயர்வு வேண்டுமென்றால் சிங்களத்தில் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அவர் பாஸ் பண்ணினார், நல்ல சிங்களம் கதைப்பார். அவரோடு வேலை செய்த பலர் படிக்கமாட்டோம் என்று நின்று உயர்வை இழந்தார்கள். படித்தது சரியா, படிக்காமல் நின்றது சரியா என்று எங்கள் வீட்டு விறாந்தையில் இரவிரவாகச் சண்டை நடந்திருக்கிறது. எனக்கு இன்றும் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை.

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் எழுதினார்கள். பிராந்திய சபைகளுக்குக் கொஞ்சம் அதிகாரம், காணிக் குடியேற்றத்தில் கொஞ்சம் உரிமை. 1958 ஏப்ரலில் பிரதமரின் வீட்டு முன்னால் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் அன்றே செத்தது. அடுத்த மாதம் கலவரம். 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்காவையே ஒரு பிக்கு சுட்டுக் கொன்றார். சதியின் தலைவர் என்று தண்டிக்கப்பட்டவர் களனி விகாரையின் விகாராதிபதி. பண்டாரநாயக்காவைப் பதவிக்குக் கொண்டுவர ஊர் ஊராகப் போய் உழைத்தவர்களில் முன்னணியில் நின்றவரும் அதே விகாராதிபதிதான். மதத்தைத் தோளில் ஏற்றிப் பதவிக்கு வருகிற அரசியல்வாதி பிறகு அதை இறக்கிவைக்க நினைத்தாலும் இறக்க முடியாது என்பதை இந்த நாட்டின் எல்லாத் தலைவர்களும் அந்த நாளிலிருந்து அறிவார்கள். அந்தப் பயம் இன்றுவரை எந்த அரசையும் விட்டுப் போகவில்லை.

இரண்டாவது கல் 1972. இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆங்கிலேயன் விட்டுப்போன சோல்பரி அரசியல் யாப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் சலுகை தருகிற, அல்லது சுமை வைக்கிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது அது. பலமான வேலி அல்ல. அந்த வேலி இருக்கும்போதுதான் 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. என்றாலும் வேலி என்று ஒன்று இருந்தது. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பு அதை எடுத்துவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதியது. முதலில் வந்த வரைவில் 'உரிய இடம்' என்றுதான் இருந்தது. முடிவில் அது 'முதன்மை இடம்' ஆனது. யாப்பை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா ஓர் இடதுசாரி. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று ஐம்பதுகளில் பாராளுமன்றத்தில் எச்சரித்த அதே மனிதர். எனக்கு இந்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் விட வலிக்கும். தெரியாதவர் செய்தால் தெரியாமல் செய்தார் என்று ஆறலாம்.

1978 யாப்பில் அது 9ஆம் உறுப்புரை ஆனது. தமிழ்ப் பிரதியில் 'முதன்மைத் தானம்' என்று போட்டிருக்கிறார்கள். தானம் என்றால் இடம், பீடம். புத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணி வளர்ப்பது அரசின் கடமை. இந்த உறுப்புரையை மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும். பீடத்தை வேண்டாமென்று விட்டுப்போனவருக்கு அரசு பூட்டுப் போட்ட பீடம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது.

அன்று, 72 யாப்பு வந்தபோது, அதை எதிர்த்து முன்னால் நின்றவர் செல்வநாயகம். அவர் கிறிஸ்தவர். காங்கேசன்துறையில் அவருக்கு வாக்குப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவர்கள். 1972இல் தன் ஆசனத்தைத் துறந்து, இந்த யாப்பை என் மக்கள் ஏற்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்போம் என்றார். இடைத்தேர்தலை அரசு இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் வைத்தது. அவர் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அம்மம்மா நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு நாளும் தவறாதவ. அவவுக்கு அவர் 'தந்தை செல்வா'தான். அவர் எந்தக் கோவிலுக்குப் போகிறார் என்று அவ கேட்டதே இல்லை. இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

போரைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. 2009 மே மாதத்தோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் வெளியில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினமாக இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் தொலைபேசியில் கேட்டான்: "இப்ப என்னடாப்பா பிரச்சினை? சண்டை இல்லை, செக் பொயின்ற் இல்லை, ஒரு விகாரை கட்டினால் கட்டிப்போட்டுப் போகட்டுமே." நியாயமான கேள்விதான். நான் குருந்தூர்மலையைப் பற்றிச் சொன்னேன்.

முல்லைத்தீவில், தண்ணிமுறிப்புப் பக்கம், காட்டுக்குள் ஒரு சின்ன மலை. அங்கே பழைய கட்டடச் சிதைவுகள் உண்டு. 1933இலேயே சுமார் 78 ஏக்கரைத் தொல்லியல் இடமாக அரசிதழான வர்த்தமானியில் போட்டுவிட்டார்கள். அதே மலையில் சுற்றுவட்டார விவசாயிகள் ஆதி ஐயனாருக்குப் பொங்கி வந்தார்கள். கூரை இல்லாத கோவில், சூலம், மரம், கல். நெல் விதைக்க முன்னும் வெட்டின பின்னும் போகிற இடம். 2018இல் பிக்குகள் சிலர் சிலையோடு வந்தபோது ஊரார் மறித்தார்கள். நீதிமன்றம் இருந்தபடி இருக்கட்டும் என்றது. 2021 ஜனவரியில் அமைச்சர் ஒருவர் இராணுவம் சூழ வந்து அகழ்வைத் தொடக்கி வைத்தார். மண்ணுக்குள்ளிருந்து எட்டுப் பட்டையோடு ஒரு கல் வந்தது. தாராலிங்கம், பட்டை வைத்த சிவலிங்கம் என்றார்கள் எங்கள் பக்கத்தில். தூபியின் ஒரு பகுதி என்றார்கள் அந்தப் பக்கத்தில். நீதிமன்றம் நிறுத்து என்றது. வேலை நிற்கவில்லை, தூபி எழும்பியது. முல்லைத்தீவு நீதிவான் ரி. சரவணராஜா மலைக்கே போய்ப் பார்த்துக் கட்டளை போட்டார். பாராளுமன்றத்தில் அவருடைய பெயரைச் சொல்லித் தாக்கினார்கள். 2023 செப்டெம்பரில், உயிருக்கு அச்சுறுத்தல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பதவி விலகி நாட்டை விட்டே போனார்.

"ஒரு நீதிவான்," என்றேன் தம்பியிடம். "கட்டளை போட்டதுக்கு ஒரு நீதிவான் ஓட வேண்டியதாப் போச்சு. உனக்கு விகாரை பிரச்சினை எண்டு ஆர் சொன்னது?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உண்மையில் இதன் இயந்திரம் மதநூல் அல்ல, கோப்பு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், வனத் திணைக்களத்தின் வரைபடம், வனசீவராசிகள் திணைக்களத்தின் வரைபடம், மகாவலி அதிகார சபையின் வரைபடம். ஒரே வயலின் மேல் இத்தனை வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒரு நாள் விவசாயி போய்ப் பார்த்தால் வரம்பில் ஒரு கல் நிற்கும். யார் போட்டது என்று பிரதேச செயலகத்தில் கேட்டால் தெரியாது என்பார்கள், அது கொழும்பில் இருந்து வந்த கல். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபைக் கவனிக்கவென்று ஜனாதிபதி ஒரு செயலணி போட்டார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர், உறுப்பினர்களில் பிக்குகளும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையாக வாழும் மாகாணம் அது. அறிவித்தபோது அந்தப் பட்டியலில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. அப்பா அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் சங்கிலியைச் சுருட்டியிருப்பார்.

மாகாண சபைக்குக் காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் உண்டு என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்கிறது. எந்த அரசும் அதை ஒழுங்காகக் கொடுத்ததில்லை. வடக்கில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013இல். கேட்பதற்கு உள்ளூரில் ஒரு கதவு இல்லை என்பதால்தான் ஒவ்வொரு கல்லும் கொழும்போடு நேரே மோதுகிற பிரச்சினையாகிறது. ஆட்சி மாறினாலும் கோப்பு மாறுவதில்லை. 2024 நவம்பரில், இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு யாழ்ப்பாண மக்களே மூன்று ஆசனம் கொடுத்தார்கள், அது சின்ன விஷயம் அல்ல. 2025 மார்ச்சில் அதே அரசின் கீழ், வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை நிரூபிக்காவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்தது. முப்பது வருடம் இடம்பெயர்ந்து, காணி உறுதிப் பத்திரமும் எரிந்து, உறுதிக்காரரும் செத்து, பிள்ளைகள் நாலு நாட்டில் இருக்கிற குடும்பம் மூன்று மாதத்துக்குள் எதைக் கொண்டுபோய்க் காட்டும்? ஊர் கொதித்தது, வழக்கும் போனது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

இனி மறுபக்கத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பேராதனையில் என்னோடு படித்த சிங்கள நண்பன் ஒருவன் இருக்கிறான். நல்லவன், 83 இனக்கலவரத்தில் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தவர்களின் பிள்ளை. 9ஆம் உறுப்புரையைப் பற்றிக் கதைத்தால் அவன் முகம் மாறும். 1815இல் கண்டி ஒப்பந்தத்தில் பௌத்தத்தைக் காப்போம் என்று எழுதிக் கொடுத்த ஆங்கிலேயன் அதைக் காற்றில் விட்டான், மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனவனுக்குத்தான் உத்தியோகம் கிடைத்தது, எங்கள் பன்சலைகள், விகாரைகள் எல்லாம் வறண்டு கிடந்தன என்பான். அது உண்மை. அதே மிஷன் பள்ளிக்கூடங்களால் யாழ்ப்பாணம் முன்னேறியது என்பதும் உண்மை. பிறகு அவன் குரல் இறங்கும், விடுதலைப் புலிகள் தாக்கியவற்றைச் சொல்வான். 1985 மே மாதம் அனுராதபுரத்தில், ஸ்ரீ மகா போதியடியில். 1987இல் அரந்தலாவையில் பஸ்ஸிலிருந்த சின்னப் பிக்குகள். 1998இல் தலதா மாளிகை. "என்ர ஆச்சி," என்றான் ஒருமுறை, தமிழில். "மகா போதி செய்தி வந்த அண்டைக்கு விளக்குக் கொளுத்தேல்லை. அதுக்குப் பிறகு அவ தமிழில ஒரு சொல் கேட்டாலும் பயப்பிடுவா." நான் பதில் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பிக்குகளைக் கொன்றது என் பெயரில் நடந்தது. எனக்காக என்று சொல்லித்தான் கொன்றார்கள்.

அவனுடைய பயத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக முல்லைத்தீவு விவசாயியின் பொங்கல் பானையை உதைப்பதை ஏற்க முடியாது. அவன் ஆச்சி கேட்டதும் அதை அல்ல.

எங்கள் பக்கத்தில் வளர்ந்துவரும் ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும். இதை எழுதினால் உறவுக்காரர் கோபிப்பார்கள்.

திருகோணமலையில் பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை இருக்கிறது. நாதனார் கோவில் என்று பழைய தமிழாட்கள் சொல்வார்கள். சோழர் காலத்தில் அதற்குப் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. அங்கே கிடக்கும் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. நந்தா விளக்கு எரிக்கப் பசுக்கள் கொடுத்தவர்களின் பெயர்கள், தமிழ்ப் பெயர்கள். பொலன்னறுவையைப் பிடித்த சைவச் சோழர் ஒரு பௌத்தப் பள்ளியை இடிக்காமல், தங்கள் அரசன் பெயரை வைத்து விளக்கெரிக்க மாடு கொடுத்திருக்கிறார்கள். நான் அங்கே போனது 2012இல். அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் என் பள்ளிக்கூட நாட்களில் எந்தத் தமிழ் ஆசிரியரும் இதைச் சொல்லித் தரவில்லை. தமிழரில் பௌத்தர் இருந்தார்கள் என்று சொன்னால் காணி போய்விடும் என்ற பயம். பௌத்தச் சின்னம் எல்லாம் சிங்களவருடையது என்று அரசு சொல்கிறது. ஆமாம் என்பதுபோல நாங்களும் அதைக் கையால் தொடாமல் தள்ளி வைக்கிறோம். சொல்கிறவருக்கும் மறுக்கிறவருக்கும் ஒரே கணக்கு. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் உள்ள பழைய பௌத்தத் தூபிகளைக் கட்டியவர் என்ன மொழி பேசினார் என்பது வேறு கேள்வி, இன்று அந்தப் பனங்காணிக்கு உறுதி யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைப் பறிப்பதுதான் அரசு செய்கிற வேலை. முதலாவதைப் பொய் சொல்லி இரண்டாவதைக் காப்பாற்ற முடியாது.

2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இது சைவ பூமி, மற்றவர் அடங்கி இருக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் ஊர்களிலும் கேட்கிறது. மன்னாரில் திருக்கேதீஸ்வரத்துக்கு முன்னால் ஒரு சிவராத்திரி வளைவுக்காகச் சைவரும் கத்தோலிக்கரும் 2019இல் மோதிக்கொண்டார்கள். நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அம்மம்மாவையும் செல்வநாயகத்தையும் நினைத்தேன். ஒரு கிறிஸ்தவரின் பின்னால் நின்று மத மேலாண்மையை எதிர்த்த மக்களின் பேரப்பிள்ளைகள், அதே மேலாண்மையைச் சின்ன அளவில் தைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் துரத்தினார்கள், யாழ்ப்பாணத்தில் கொடுத்தது சில மணி நேரம்தான். சோனகதெருவில் எங்கள் தையல்காரரின் கடை பூட்டியபடி கிடந்தது. என் பள்ளிக்கூடச் சட்டை உள்ளே தொங்கியது. அவருடைய மெஷினை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள், யார் என்று ஒழுங்கைக்கே தெரியும். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லைக்கல் போடும்போது பக்கத்துக்காரரைக் கூப்பிடாமல் விட்டது கொழும்பு மட்டுமல்ல.

அதனால்தான் 2021 பெப்ரவரி எனக்குப் பெரிது. கிழக்கில் பொத்துவிலில் தொடங்கி வடக்கில் பொலிகண்டி வரை, ஐந்து நாள், எங்கள் ஆட்கள் மழைக்குள் நடந்தார்கள். காணி பறிப்பு, பௌத்தமயமாக்கல், காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் என்று கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்காதே. உலகமே புதைக்கலாம் என்று சொன்ன பிறகும் அரசு கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்த காலம் அது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல்காரர் தண்ணீர்ப் போத்தலோடு வீதிக்கு வந்தார்கள், நடந்தார்கள். அந்த மாத முடிவில் அரசு புதைக்க அனுமதித்தது. அந்த ஊர்வலத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், பல நாடுகளின் அழுத்தமும் இருந்தது. ஆனால் முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு தமிழ் ஊர்வலத்தில் எங்களுக்கு நடந்ததும் உங்களுக்கு நடப்பதும் ஒரே கையால் என்று ஒரு வரி எழுதியிருந்தது. நான் பருத்தித்துறை வீதியில் நின்று கடைசி நாள் கூட்டத்தைப் பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு முதியவர் காலில் கொப்புளத்தோடு நடந்து போனார். சோனகதெருத் தையல்காரரின் வயதுதான் இருக்கும்.

இப்போது தையிட்டிக்குப் போவது என் வழக்கமாகிவிட்டது. வலிகாமம் வடக்கு, 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த நிலம். மக்கள் திரும்பும் முன்பே அங்கே தனியார் காணியில் இராணுவம் திஸ்ஸ விகாரையைக் கட்டிவிட்டது. பழைய விகாரைக்கென்று ஒரு காணி பக்கத்திலேயே இருந்தும் அதில் கட்டவில்லை. 2023இலிருந்து ஒவ்வொரு போயாவுக்கும், பௌர்ணமி நாளில், காணிக்காரரும் வேறு சிலரும் வாசலுக்கு எதிரே வீதியில் நிற்பார்கள். சில நாள் முப்பது பேர், சில நாள் நூறு. பொலிஸ் அதைவிட அதிகம். விகாரையை இடி என்று கத்துகிறவர்களும் உண்டு. நான் அதில் சேர்வதில்லை. காணியைத் தா என்ற பலகைக்குப் பின்னால் நிற்பேன்.

ஒரு போயா பின்னேரம் தெற்கிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. வெள்ளை உடுப்போடு பெண்கள் இறங்கினார்கள், கையில் தாமரை. வீதியோரம் பலகையோடு நின்ற எங்களைப் பார்த்து அவர்கள் மிரண்டது தெரிந்தது. ஒரு நடுத்தர வயதுப் பெண் மட்டும் கிட்ட வந்தா. இந்த ஆட்களுக்கு என்ன வேண்டும் என்று பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் கேட்டா. அவர் கையை விசுக்கினார். எங்கள் பக்கத்தில் கதிரையில் இருந்த ஒரு கிழவர், எண்பது தாண்டியவர், எழும்பினார். கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். அப்பாவைப் போலவே சோதனைக்காகச் சிங்களம் படித்தவர்.

"மகள், என்ர கிணறு உள்ளுக்கு நிக்குது," என்றார் சிங்களத்தில். மதிலுக்கு மேலால் கையைக் காட்டினார். "அந்த வேம்பு தெரியுதா, அதுக்குக் கீழ."

அந்தப் பெண் மதிலைப் பார்த்தா, அவரைப் பார்த்தா. என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றா. பிறகு கேட்டா:

"நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணி," என்றார் அவர். "இந்தப் பக்கம் எல்லாம் உவர். என்ர கிணறு மட்டும் நல்ல தண்ணி."

அவ தலையாட்டினா. பஸ்ஸிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தாமரையை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போனா. நாங்கள் இருட்டும் வரை நின்றோம். வெளியே வரும்போது அவ எங்கள் பக்கம் பார்க்கவில்லை, பஸ்ஸில் ஏறிவிட்டா. ஆனால் பஸ் திரும்பும்போது யன்னலருகே இருந்து அந்த வேம்பைத் தேடுவது தெரிந்தது. கிழவர் பலகையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்று, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.